இளவரசன் இன்னும் சாகவில்லை

"ஏங்க, இவன் எப்பதான் சாவான்?" என்றாள் பியாட்ரிஸ், கிளிசரின் பாட்டிலை மறுபடி மூடிக்கொண்டே.

கணவர் ஆரோக்கியநாதன் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மேடையில் இளவரசன் மாறவேள் பாதாளச் சிறையில் தனியாக நின்று மரணத்தோடு பேசிக்கொண்டிருந்தான். கையில் ஒரு டம்ளர் நஞ்சு. ஆரோக்கியநாதன் எழுதிக் கொடுத்தபடி, கொஞ்சம் புலம்பிவிட்டு அதைக் குடித்துச் சாக வேண்டும். தாய் மகாராணி ஓடிவந்து பிணத்தின் மேல் விழுந்து அழ வேண்டும். திரை. மகாராணி வேஷம் பியாட்ரிஸுக்கு. நாலு தடவை ஓடத் தயாராகி, நாலு தடவையும் புடவைக் கொசுவத்தைக் கீழே விட்டுவிட்டாள்.

மாறவேள் வேஷத்தில் இருந்தவன் ஃபைசான். லஸ்ஸில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஒத்திகையில் ஒரு வரி கூட்டிப் பேசாத பிள்ளை. இன்றைக்கு அவனுக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை.

மயிலாப்பூரில் வருஷா வருஷம் நடக்கும் நாடகப் போட்டி அது. சாந்தோமிலிருந்து ஆரோக்கியநாதன் குழுவும் வருஷா வருஷம் வரும், வெறுங்கையோடு திரும்பும். போன வருஷம் ஏன் தோற்றார்கள் என்பதை நடுவர் ரகுபதி மைக்கிலேயே சொன்னார்: கதாநாயகன் காலி டம்ளரைக் குடித்துச் செத்தான், முன் வரிசைக்கே தெரிந்துவிட்டது.

அந்த அவமானத்துக்காகவே இந்த முறை கண்ணாடி டம்ளர். விளிம்பு வரைக்கும் நன்னாரி சர்பத். கடைசிச் சொட்டு தொண்டையில் இறங்குவது ரகுபதிக்குத் தெரிய வேண்டும் என்று ஃபைசானிடம் ஆரோக்கியநாதன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "கவலைப்படாதீங்க சார், அந்த நேரத்துக்கு ஒரே மடக்கா குடிச்சிடுவேன்" என்று அவனும் சொல்லியிருந்தான். இந்த வருஷமும் கோப்பை இல்லையென்றால் குழுவைக் கலைத்துவிடுவதாக வீட்டில் சபதம் வேறு போட்டிருந்தார்.

இவர்கள் முறை ஏழு மணிக்கு. முந்திய குழுக்கள் வந்து சேராததால், தயாராக இருந்தால் இப்போதே ஏறலாம் என்றார்கள். ஆரோக்கியநாதன் சந்தோஷமாகத் தலையாட்டி, ஏதோ சொல்ல வாயெடுத்த ஃபைசானை மேடைக்குத் தள்ளிவிட்டார்.

"உயிரே, தோற்றவன் உடலில் உனக்கென்ன வேலை? போய்விடு," என்றான் மாறவேள். டம்ளர் உதடு வரை வந்தது. பியாட்ரிஸ் கொசுவத்தைப் பிடித்தாள்.

"இரு. போவதற்கு முன் ஒரு சொல்." டம்ளர் கீழே இறங்கியது.

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. ரகுபதி முதல் மணியை அடித்தார். நேரம் முடிந்தது என்று அர்த்தம். இரண்டாவது மணி எச்சரிக்கை. மூன்றாவது அடித்தால் திரையை இறக்கிவிடுவார்கள். குழு போட்டியிலேயே இல்லை.

ஆரோக்கியநாதன் கட்டைவிரலை வாயருகே கவிழ்த்து, குடி குடி என்று ஜாடை காட்டினார். ஃபைசான் பார்த்தான். பார்த்துவிட்டு மேடையின் அந்தக் கோடிக்கு நகர்ந்து போனான்.

"காவலர்களே, விடிந்ததிலிருந்து இந்த நாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதுண்டா?"

அந்த நாடகத்தில் காவலர்களே கிடையாது.

"எமனே, உனக்கு ஏன் இத்தனை தாமதம்? லஸ் கார்னரில் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தில் உன் எருமை சிக்கிக்கொண்டதா?"

அரங்கம் அதிர்ந்தது. ஆரோக்கியநாதன் தலையில் அடித்துக்கொண்டார். மாறவேள் வாழ்ந்தது ஆயிரம் வருஷத்துக்கு முன்னால்.

இரண்டாவது மணி அடித்தது.

"கைத்தட்டலுக்கு அலையறான். சிறந்த நடிகர் பரிசு மேல கண்ணு," என்று ஆரோக்கியநாதன் பல்லைக் கடித்தார்.

"தள்ளுங்க, நானே போய் வாயில ஊத்திட்டு வரேன். பெத்த தாய்தானே, யாரு கேக்கப்போறா," என்று புறப்பட்டாள் பியாட்ரிஸ். அப்படிச் செய்தால் கதையே வேறாகிவிடும் என்று கெஞ்சி அவளைப் பிடித்து வைத்தார்.

"சீக்கிரம் குடிச்சுத் தொலைப்பா, வூட்டுக்குப் போவணும்," என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. இளவரசன் அந்தக் குரலுக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, மரணம் ஏன் அவசரப்படக் கூடாது என்று விளக்க ஆரம்பித்தான்.

ரகுபதியின் கை மூன்றாவது முறையாக மணியை நோக்கிப் போனது. ஆரோக்கியநாதன் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

சட்டென்று மேடையில் பேச்சு நின்றது.

கண்ணைத் திறந்து பார்த்தார். ஃபைசான் அரங்கத்து ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து நின்றிருந்தான். வெளியே கச்சேரி ரோட்டு ஹாரன்களுக்கு நடுவே எதையோ கேட்பதுபோல இருந்தது. ஆரோக்கியநாதனுக்கு ஹாரன் மட்டும்தான் கேட்டது. இளவரசனின் உதடுகள் சத்தமில்லாமல் முணுமுணுத்தன. அடுத்த நொடி டம்ளரை எடுத்து ஒரே மடக்கில், கடைசிச் சொட்டு வரை குடித்தான். உலகத்தில் வேறு யாரும் நஞ்சை அத்தனை ஆசையாகக் குடித்திருக்க மாட்டார்கள். குடித்து, கண் செருகி, தடாலென்று விழுந்தான்.

ரகுபதி மணியிலிருந்து கையை எடுத்துக் கைதட்டினார். கூட்டம் எழுந்து நின்றது.

பியாட்ரிஸ் கிளிசரினையும் மறந்து ஓடி, "மகனே" என்று அலறி அவன் மேல் விழுந்தாள். அப்படியே காதோரம் குனிந்து, "பாவி, இவ்ளோ நேரம் இன்னாடா பண்ணிக்கினு இருந்த?" என்றாள்.

செத்துக்கிடந்த இளவரசன் உதடு அசையாமல் சொன்னான்: "இப்பதானே ஆன்ட்டி பள்ளிவாசல்ல பாங்கு சொன்னாங்க, அதுக்கு முன்னாடி எப்படி நோன்பு தொறக்கிறது? பேரீச்சம்பழம் இருந்தா வாயில ஒண்ணு போடுங்க, அழுதுக்கினே."