டீச்சர் இருமும் இடம்

பிள்ளைகள் இதயத்துக்குள் நடந்துகொண்டிருந்தார்கள். சுவரில் முட்டாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

வி.ஆர். கண்ணாடியைத் துடைப்பது, வாரை இறுக்குவது, எவனாவது ரத்தக் குழாய் என்று நினைத்து ஜன்னலில் ஏறினால் இறக்கிவிடுவது. பதவியின் பெயர் அனுபவக் கற்றல் ஒருங்கிணைப்பாளர். கையில் துணி.

பாடம் நடத்த டீச்சர் இருக்கிறாள், கண்ணாடிக்குள். கம்ப்யூட்டரிலேயே மெழுகிய முகம், வெள்ளைக் கோட்டு. லீவு கேட்க மாட்டாள், எதிர்த்துப் பேச மாட்டாள். தலைமையாசிரியருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

பாதிப் பாடத்தில் டீச்சர் இருமுவாள். இருமிவிட்டு, ‘உடம்பு முழுக்க ரத்தத்தை அனுப்புவது வலது கீழறை’ என்பாள்.

இடது கீழறை.

இருமலை யாரும் குறை சொல்லவில்லை, தத்ரூபமாக இருக்கிறதாம். தப்பை எடுத்துச் சொன்னபோது தலைமையாசிரியர் சிரித்தார்.

“இவ்வளவு செலவு பண்ணி வாங்கினது தப்பா சொல்லுமாம்மா?”

நாளைக்குப் பரீட்சை. விடைத்தாள் திருத்தப் போவது வேறு பள்ளிக்கு. அங்கே இதயம் இன்னும் பழைய மாதிரிதான் வேலை செய்கிறது.

இன்றைக்குப் பிள்ளைகளிடம் சரியானதைச் சொல்லாமல் விடுவதில்லை என்று அவள் வந்திருந்தாள். எல்லாம் இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள். ஓரமாக நின்ற பெண்ணின் காதருகே குனிந்து வாயைத் திறந்தாள். தொண்டை கரகரத்தது. இருமிவிட்டாள்.

எல்லாத் தலைகளும் சட்டென்று அவள் பக்கம் திரும்பின. யாரும் கண்ணாடியைக் கழற்றவில்லை.

“வலது கீழறைதானே டீச்சர்?” என்றாள் அந்தப் பெண்.

“இடது.”

பெண் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். முகத்தைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள்.

“ஐயோ, அக்காவா! சும்மா இருங்கக்கா. டீச்சர் நடத்திட்டிருக்காங்க.”

கண்ணாடி மறுபடி கீழே இறங்கியது. மற்ற தலைகளும் இதயத்துக்குத் திரும்பின.

அவள் துணியை மடித்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்தாள்.

போன வருடம் அவளை நிற்கவைத்து இந்தப் பாடத்தைப் பதிவு செய்த அன்றும் தொண்டை இப்படித்தான் கட்டியிருந்தது. வாய் தவறிவிட்டது, இன்னொரு தடவை எடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள்.

“சூப்பரா வந்திருக்கு மிஸ்” என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டார்கள்.