கறுப்பு டியூப் ஐம்பது

"நாற்பத்தெட்டு... நாற்பத்தொன்பது... அம்பது!"

லிஃப்ட் மெக்கானிக் இழுத்துப் பயிற்சி செய்யும் கறுப்பு ரப்பர் டியூபை ஜன்னல் கம்பியிலிருந்து கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை கிடையாது. பக்கத்தில் மஞ்சள் டியூபோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மனைவியோ, எட்டாவது இழுப்பிலேயே "அம்மாடி!" என்று சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"மஞ்சளுக்கே இந்தப் பாடா? அதுதாம்மா இருக்கறதுலயே லேசு. அப்புறம் பச்சை, சிவப்பு, நீலம். கறுப்பு கடைசி. வகுப்புல மாஸ்டர் சொன்னது காதுல விழலையா?"

"ஏதோ என்னால முடிஞ்சது" என்று அவள் மறுபடியும் கைப்பிடியைப் பிடித்தாள்.

இவ்வளவு கூத்துக்கும் காரணம் ஒரு மலைப்பயணம். உடற்பயிற்சி வகுப்பிலிருந்து மூன்று நாள் மலையேறப் போகிறார்கள். கனமான பையைத் தானே சுமக்க வேண்டும் என்பதால், கறுப்பு டியூபைப் பதினைந்து முறை இழுத்துக் காட்டுகிறவர்களுக்குத்தான் இடம் என்று மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இவர்கள் இருவரையும் போலப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் மாதம் வகுப்பில் மஞ்சளைத் தவிர வேறெதையும் தரமாட்டார். மற்றதையெல்லாம் வீட்டில் வாங்கிப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

மலை உச்சியில் நின்று பொழுது விடிவதைப் பார்க்க வேண்டும் என்று மனைவிக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஆசை. இருபத்தாறு வருடமாக உச்சி மாடிக்கும் தரைத்தளத்துக்கும் போய்வந்துகொண்டிருந்த மனிதருக்கு அது புரியவே இல்லை.

"நானும் வரணும்ங்க" என்று அவள் சொன்னபோது, "எதுக்கும்மா உனக்கு இந்த வேண்டாத வேலை? செடிக்குத் தண்ணி ஊத்த வீட்ல ஆள் வேணாமா?" என்று பேச்சை முடித்துவிட்டார். அன்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

டியூப் வாங்கக் கடைக்குப் போனதும் அவர்தான். கடைக்காரர் ஐந்து டியூப் கொண்ட பெட்டியை எடுத்துவைத்து ஏதோ விளக்க வாயெடுத்தார்.

"லிஃப்ட் வடத்தைப் பார்த்ததுமே எத்தனை பேரைத் தாங்கும்னு சொல்றவன் நான். எனக்கு ரப்பரைப் பத்திப் பாடமா?" என்று மெக்கானிக் அவர் வாயை அடைத்தார். ஐந்து டியூபும் ஒரே பருமன், நிறம் மட்டும்தான் வேறு. வீட்டுக்கு வந்ததும் கறுப்பைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு மஞ்சளை மனைவியிடம் நீட்டினார். அதன்பிறகு மஞ்சளைத் தொட்டால் மானம் போய்விடும் என்பதுபோல அந்தப் பக்கமே போகவில்லை.

ஒரு விஷயம்தான் அவருக்கு எரிச்சலாக இருந்தது. வகுப்பில் மஞ்சளை அவள் பக்கத்தில் நிற்பவளோடு பேசிக்கொண்டே முப்பது முறை இழுக்கிறாள். வீட்டில் மட்டும் மூச்சு வாங்குகிறது.

"ஊர்க்கதை பேச ஆள் கிடைச்சா உனக்குக் கைவலியே தெரியாதே!" என்று கேலி செய்தார். அவள் மஞ்சளை மறுபடியும் கம்பியில் மாட்டி, முந்தின நாளைவிட ஒன்று கூடுதலாக இழுத்தாள்.

தேர்வு நாளுக்கு முன்பே மெக்கானிக் தனக்கு மட்டும் புதுக் காலணி வாங்கி, வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகினார். மச்சான், சகலை, கூட வேலை செய்பவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லியாயிற்று.

அன்று வகுப்புக் கூடத்தில் சுவர்க் கொக்கியில் கறுப்பு டியூப் மாட்டியிருந்தது. முதல் ஆளாக மெக்கானிக் முன்னால் வந்தார். "பதினஞ்சு போதுமா மாஸ்டர், அம்பது போடட்டுமா?"

முதல் இழுப்பு பாதியில் நின்றது. இரண்டாவதில் பல்லைக் கடித்தார். மூன்றாவதில் டியூப் வராமல் அவர்தான் சுவரை நோக்கிப் போனார். கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"குளிர்ல ரப்பர் இறுகிப்போச்சு மாஸ்டர். கொக்கியும் கோணலா இருக்கு" என்று கைப்பிடியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அடுத்து மனைவி எழுந்தாள். தன் மானம் போனது போதாதென்று இவளும் இத்தனை பேர் முன்னால் அவமானப்படப் போகிறாளே என்று அவருக்கு உண்மையாகவே மனசு கனத்தது. "வேணாம்மா, கையை கிய்யைச் சுளுக்கிக்கப் போறே" என்று கிசுகிசுத்தார்.

அவள் கைப்பிடியைப் பிடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... பத்தைத் தாண்டியும் வேகம் குறையவில்லை. பதினைந்து முடித்து, போனால் போகிறது என்று இன்னும் இரண்டு போட்டாள். கூடமே கைதட்டியது. மாஸ்டர் அவள் பெயரைப் பட்டியலில் எழுதிக்கொண்டார்.

மெக்கானிக் துள்ளி எழுந்தார். "இதுல ஏதோ கோளாறு இருக்கு மாஸ்டர்! வீட்ல இவளுக்கு மஞ்சளே நகராது. நான் கறுப்புல தினம் அம்பது போடறேன்!"

"வீட்ல இருக்கறது எந்தக் கம்பெனி சார்?"

சொன்னார். மாஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் சார். அவங்க அப்படியே தலைகீழா வச்சிருக்காங்க. அதுல கறுப்புதான் லேசு, மஞ்சள்தான் இருக்கறதுலயே கடினம்" என்றார்.

மெக்கானிக் மனைவி பக்கம் திரும்பினார். "பார்த்தியாம்மா அநியாயத்தை? கம்பெனிக்காரன் நம்ம ரெண்டு பேரையும் ஒரு மாசமா ஏமாத்திட்டான்!"

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"என்னை இல்லைங்க. நான் முதல் நாளே மாஸ்டருக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுட்டேன்."