பதினான்காம் இலக்கப் படகு

மன்னாரில் எங்கள் மீனவர் சங்கத்துக்கு அதன் எழுத்தர் பிறின்சி ஒரு கணினிப் பதிவேடு எழுதிக் கொடுத்திருந்தாள். கடலுக்குப் போன படகின் இலக்கமும் ஆளின் பெயரும் அதில் இருக்கும். படகு திரும்பியதும் பதிவை நீக்க வேண்டும். நீக்கும்போது பெயரை ஒருமுறை காட்டும். இல்லாததை நீக்கப்போனால் பிழை என்று சொல்லும். இதற்குத் தலைவர் ரிபன் வெட்டி, முக்கால் மணி நேரம் பேசியும் இருந்தார்.

காலை ஏழு மணிக்குப் பதினான்காம் படகு வந்தது. பிறின்சி அதில் போயிருந்த மில்ரனின் பதிவை நீக்கினாள். மனைவி அன்ரோனெற் அவனை வீட்டுக்குக் கூட்டிப் போனாள். படகு மணலில் கிடந்தது.

ஒன்பது மணிக்கு, அதன் பக்கத்தில், பதினான்காம் படகு வந்து நின்றது. மில்ரன் இறங்கினான்.

"என்ன பிள்ளை, என்ர மனிசி வரேல்லையோ?"

பிறின்சி பதினான்கை மறுபடி நீக்கிப் பார்த்தாள். திரை பிழை என்று சொல்லாமல் மில்ரன் என்று காட்டியது.

"பாத்தியளோ, என்ர சிஸ்ரத்தில பிழையே வராது," என்றார் தலைவர்.

அவள் அன்ரோனெற்றுக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, ஒண்டும் கேளாதேங்கோ. உடன வெளியில வாங்கோ."

"அவர் சாப்பிடுறாரடி. பொறு, உன்னோட கதைக்கோணுமாம்."