பல்லிக்குப் பாதிதான் தெரியும்

கீழ்க்கொட்டகையில் மயிலைப் பசுவின் மூன்றாவது கன்றும் சோர்ந்து படுத்துவிட்டது. முதல் இரண்டும் இப்படிப் படுத்துத்தான் போய்ச் சேர்ந்தன.

"பல்லியண்ணே, மேல்கொட்டகைக் கன்னுங்க துள்ளுதுங்க. எங்க ரத்தமே மட்டமா?" என்று கேட்டது பசு.

சுவரிலிருந்த பல்லி பல வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. மேலே ஒதுக்கிய பூஞ்சை வைக்கோல் இங்கே வரும். மேலே கழுவிவிட்ட தண்ணீர் இங்கே தொட்டியில் சேரும். இரண்டில் எது கொல்கிறது என்றுதான் தெரியவில்லை. இரண்டையும் நிறுத்தினால் கன்று பட்டினி.

அப்போது ஒரு கொசு எதிரே வந்து உட்கார்ந்தது.

"நான் ரெண்டு கொட்டகையிலயும் குடிச்சவ. ரத்தம் ஒண்ணுதான் அண்ணே, அதுல இருக்கிற குறையும் ஒண்ணுதான். மேல அது தூங்குது, இங்க முழிச்சுக்குது. அதை எழுப்பிவிடறது எதுன்னா..."

பல்லியின் நாக்கு நீண்டு திரும்பிவிட்டது. யோசித்துச் செய்ததல்ல, கொசு என்றால் அதற்கு அப்படித்தான் பழக்கம். விழுங்கிய பிறகுதான், பதிலும் கூடவே உள்ளே போய்விட்டது என்று உறைத்தது.

கன்று மெல்லத் தலையைத் தூக்கியது. ஒரு பக்கம் வைக்கோல், ஒரு பக்கம் தொட்டி.

"சொல்லுண்ணே," என்றது பசு. "எதைத் தடுக்கட்டும்?"