மூன்றாவது சுற்று

தாய்நாட்டுப் போலீசுக்குப் பயந்து கம்பாலாவுக்கு ஓடிவந்த ஸிகெரெடாவும் கணவன் ஹப்தோமும் இதுவரை ஏழு வீடும் எழுபது சிம் கார்டும் மாற்றிவிட்டார்கள். நாளைக் காலை ஹப்தோம் தாய்நாட்டுச் சிறையைப் பற்றி நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவேண்டும்.

அவர்கள் ஊர் வழக்கத்தில் காபி மூன்று சுற்று, மூன்றாவதுதான் ஆசீர்வாதம். இரண்டாவது முடிந்ததுமே ஹப்தோம் எழுந்தான்.

"போதும்டி, வயித்தக் கலக்குது."

"நாளைக்கு ஜட்ஜு முன்னாடி கலக்காம இருந்தாச் சரி," என்றாள் ஸிகெரெடா.

அன்றுதான் வாங்கிய புது எண்ணில் கைபேசி ஒலித்தது. அவர்கள் மொழியிலேயே பணிவாக ஒரு குரல் பேசியது.

"அக்கா, அண்ணன உக்காரச் சொல்லுங்க. ஆசீர்வாதத்த விட்டுட்டு எந்திரிக்கலாமா? நாளைக்கு எங்கயும் போகவேணாம், நிதானமாக் குடிக்கட்டும்."

ஹப்தோம் உட்கார்ந்தான். அவள் காபித் தட்டைப் பார்த்தாள். அவள் வைத்தது இரண்டு கோப்பைகள். தட்டில் மூன்று இருந்தன. மூன்றாவதில் யாரோ பாதி குடித்திருந்தார்கள். மீதியில் இன்னும் ஆவி பறந்தது.