தானாக நகரும் அம்பு

ஜோதியைப் பாருங்கள், கண்ணுகளா. ஆம்பூரில் தன் வீட்டு மாடி அறையில், மத்தியான வெயில் மேசையில் கம்பி கம்பியாக விழ, மடிக்கணினி முன்னால் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். குழந்தைக்கு அம்மை என்பதால் ஷூ கம்பெனியின் சர்வருக்குள் வீட்டிலிருந்தே நுழைந்து வேலை பார்க்கிறாள். தோல் சாம்பிள்களைக் காலை வெளிச்சத்தில் எடுத்த படங்களை அனுப்ப, தன் கணினியின் டிரைவும் அங்கே தெரியும்படி திறந்துவிட்டாள்; மூட மறந்துபோனாள். இப்போது பிரிண்டர் கோளாறைச் சரிசெய்ய, ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தௌசீப் அவள் திரையைத் தன் கைக்கு எடுத்திருக்கிறான். திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்ந்து, அவளுடைய டிரைவின் மேல் நிற்கிறது. உள்ளே, மேனேஜர் ராமமூர்த்தி தங்கள் மேல் கைவைத்த கதையைத் தையல் பிரிவுப் பெண்கள் பேர் சொல்லிப் பேசிய பதிவுகள் இருக்கின்றன. நாளைக்குத்தான் புகார் கொடுக்கப் போகிறார்கள். தௌசீப்போடு பேசிக்கொண்டிருந்த கைப்பேசியின் ஸ்பீக்கரில், அவன் பக்கத்தில் வந்து நிற்கும் அந்த ராமமூர்த்தியின் குரலே கேட்கிறது. "இது இன்னாப்பா, ஜோதி பேரு போட்டிருக்கு?" "அவங்க வீட்டு டிரைவ் சார். தொறந்தா வைரஸ் நம்ம சர்வருக்கு ஏறிடும்," என்கிறான் தௌசீப். "அட, ஜாஸ்தி பயப்படாத. தொற, பாக்கலாம்." ஜோதியின் கை பாய்ந்து மோடத்தின் வயரைப் பிடுங்குகிறது. அம்பு உறைந்து நிற்கிறது. ஸ்பீக்கரில் ராமமூர்த்தி, வெகு மெதுவாக, "இன்னாம்மா ஜோதி, கரன்ட் போய்டுச்சா?" "ஆமா சார்," என்கிறாள். அவள் தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருக்கிறது.