முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

"புகையே விடாதாம். ஒரு உயிருக்கும் கெடுதல் இல்லையாம்." கூட்டத்தில் யாரோ சொன்னது, புது மின்சார பஸ்ஸின் முன்சக்கரத்தடியில் பூஜைக்காக வைத்திருந்த எலுமிச்சம்பழத்தின் காதில் விழுந்தது.

"அப்படின்னா நான் பிழைச்சேனா அண்ணே?" என்று அது பஸ்ஸைக் கேட்டது.

"என்னால யாருக்கும் தொந்தரவே வராது தம்பி. எல்லாரும் எப்படி போட்டோ எடுக்கிறாங்க பாரு!"

"சந்தோஷம். கொஞ்சம் ஒதுங்கிப் போவீங்களா?"

"முதல் நாளே கோணலாப் போனா நல்லாவா இருக்கும்?"

டீசல் பஸ்ஸுக்கு வைத்த பழம் ஒன்று, எஞ்சின் உறுமிய அதிர்வில் உருண்டு தப்பியதாகக் கேள்வி. அந்த உறுமலுக்காக இந்தப் பழமும் காத்திருந்தது.

டிரைவர் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். பஸ் சத்தமே இல்லாமல் நேராகப் போனது.